எட்டு நாளில் மூன்று கிலோ

"மூணு கிலோ அண்ணாச்சி! எட்டே நாள்ல!"

டீக்கடை பெஞ்சில் உட்காரும்போதே சொல்லிவிட்டான் எங்கள் தெருத் தம்பி. காலையில் பாதாம், மத்தியானம் முட்டை, ராத்திரி கோழி. நியாண்டர் செல்வன் தமிழில் எழுதிப் பரப்பிய, மாவுச்சத்தைக் குறைக்கும் பேலியோ உணவுமுறை எங்கள் வத்திராயிருப்பு வயற்காட்டு வீடுகளுக்கும் வந்துவிட்டது. சீனி போடாத டீயை அவன் கையில் கொடுத்து, கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி செலவாக வேண்டும். மூன்று கிலோவுக்கு 23,000. அவனுக்கு நாளொன்றுக்கு 2,300 செலவாகும் என்று வைத்தால், பத்து நாள் வெறும் தண்ணீர் குடித்துக் கிடந்திருக்க வேண்டும்.

"அப்ப எது குறைஞ்சுது?"

பெரும்பாலும் தண்ணீர். சோற்றிலிருந்து வரும் சர்க்கரையில் கொஞ்சத்தை உடம்பு கிளைக்கோஜனாக மாற்றிச் சேமிக்கிறது. ஈரலில் சுமார் 100 கிராம், தசைகளில் 400 போல. ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சோறு நின்றால் இந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் போகிறது. இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் வெளியே தள்ளும். ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் ரெண்டு கிலோ வரை திரும்பிவிடலாம். அதைப் பார்த்துத்தான் பலர் மனம் உடைந்து கைவிடுகிறார்கள். போனதும் கொழுப்பில்லை, வந்ததும் கொழுப்பில்லை.

கொழுப்பு குறைவது மெதுவாக, வேறு வழியில். 2005இல் அமெரிக்காவின் சியாட்டிலில் 19 பேருக்குப் புரதத்தை 15 சதவீதத்திலிருந்து 30 ஆக்கி, வேண்டுமட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டார்கள். யாரும் தடுக்காமலே தினம் சுமார் 440 கலோரி குறைத்துச் சாப்பிட்டார்கள். 12 வாரத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோ இறங்கியது. இதில் முக்கியமானது, மாவுச்சத்தின் பங்கை அவர்கள் குறைக்கவே இல்லை. பாதிக் கலோரி அதிலிருந்துதான் வந்தது. பசியை அடக்கியது புரதம். அதைச் செரிப்பதற்கே அதன் கலோரியில் 20 முதல் 30 சதவீதம் செலவாகிவிடும் என்பது கூடுதல் லாபம்.

சோற்றை விட்டவன் வடையையும் புரோட்டாவையும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் சேர்த்தே விட்டிருக்கிறான். அந்தக் கணக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரை இரண்டு அணியாக்கி ஓராண்டு பார்த்தார்கள். முடிவு 2018இல் வந்தது: மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் சராசரியாக ஆறு கிலோ, கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோ. பெரிய வித்தியாசமில்லை. இரண்டு அணியும் சீனி, மைதாவைத் தள்ளிக் காய்கறியைக் கூட்டியிருந்தது.

நம் தட்டில் சோறு மலை மாதிரி, வெஞ்சனம் ஓரத்தில் ஒரு கரண்டி. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்து, புரதம் 12 சதவீதம்தான் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வு. ஆகவே இங்கே சோற்றைக் குறைப்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காகப் பக்கத்துப் பிளவக்கல் அணைத் தண்ணீரில் விளைந்த நெல்லை விஷம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் ரெண்டு முட்டையும் ஒரு கிண்ணம் தட்டாம்பயறும் வைத்தால் வருஷக்கணக்கில் தாக்குப்பிடிக்கலாம்.

"அம்மாவும் எங்கூட சோத்தை விட்டுட்டாங்க அண்ணாச்சி."

அவன் அம்மா சர்க்கரைக்கு இன்சுலின் ஊசி போடுகிறவர். அளவைக் குறைக்காமல் சோற்றை மட்டும் நிறுத்தினால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிவிழலாம். "டாக்டர்கிட்ட சொன்னீங்களா?"

சொல்லவில்லை. டீயைப் பாதியில் வைத்துவிட்டு அவன் வீட்டுக்கு நடந்தோம்.