கல்லூரிக்கும் கொடை, கடைசிக் காலத்துக்கும் வருமானம்



அரசு ஊழியருக்கு மாதம் பிறந்தால் ஓய்வூதியம் வருகிறது. நமக்கு அப்படித் தானாக வருவது எதுவும் இல்லை. கல்லாவில் உட்காரும் வரைதான் வரவு. ஆனால் கல்லூரிக் கட்டிட நிதி, ஏழை மாணவர் நிதி என்று எது வந்தாலும் முதல் ரசீது நம் கடைவீதியில்தான் கிழிக்கப்படுகிறது. பெரிய தொகை கொடுக்கப் பலருக்கும் மனம் உண்டு. கொடுத்துவிட்டுக் கடைசிக் காலத்தில் யார் கையையும் எதிர்பார்க்கும்படி ஆகிவிடுமோ என்ற அச்சமும் உண்டு.

இந்த அச்சத்துக்கு அமெரிக்கக் கல்லூரிகள் ஒரு வழி கண்டிருக்கின்றன. அதன் வரவு செலவைப் பார்ப்போம்.

ஓவியர் செய்த ஒப்பந்தம்

ஜான் டிரம்புல் புகழ்பெற்ற அமெரிக்க ஓவியர். முதுமையில் கையில் பணமில்லை, ஓவியங்கள்தாம் இருந்தன. 1831இல் அவற்றை யேல் கல்லூரிக்குக் கொடுத்தார். பதிலுக்கு அவர் உயிருள்ளவரை ஆண்டுக்கு 1,000 டாலர் தருவதாகக் கல்லூரி ஒப்புக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 75. 1843இல் மறையும் வரை அந்த ஏற்பாடு அவரைத் தாங்கியது. ஓவியங்கள் இன்றும் யேலில் இருக்கின்றன.

இதே முறையில் பணம் கொடுப்பதை அங்கே ‘சாரிட்டபிள் கிஃப்ட் அன்யூட்டி’ என்கிறார்கள். ‘கொடை ஆண்டுத்தொகை’ என்று நாம் சொல்லலாம். கலிபோர்னியாவின் பொமோனா கல்லூரி 1940களில் இதைப் பெரிதாக விளம்பரம் செய்து நடத்தியது. பிறகு பல கல்லூரிகள் அந்த வழியில் சென்றன.

கணக்கு எப்படி?

ஒருவர் கல்லூரிக்கு ஒரு தொகையை ஒரேயடியாகக் கொடுத்துவிடுகிறார். கொடுத்ததைத் திரும்பக் கேட்க முடியாது. வயதுக்கு ஏற்ற விகிதத்தில் ஆயுள் முழுவதும் மாறாத தொகை அவருக்கு வந்துகொண்டிருக்கும். அவர் காலத்துக்குப் பின் மீதி கல்லூரிக்குச் சேரும். கணவன், மனைவி இருவர் ஆயுளுக்கும் சேர்த்தும் எழுதிக்கொள்ளலாம். விகிதம் சற்றுக் குறையும்.

கல்லூரிகள் போட்டி போட்டு விகிதத்தை ஏற்றிவிடாதிருக்க 1927 முதல் ஒரு பொது அமைப்பு உச்ச விகிதங்களைப் பரிந்துரைத்து வருகிறது. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த அதன் விகிதம் 65 வயதுக்கு 5.7, 70க்கு 6.3, 75க்கு 7, 80க்கு 8.1 சதவீதம். அதன்படி 75 வயதுக்காரர் ஒரு லட்சம் டாலர் கொடுத்தால் ஆண்டுக்கு 7,000 டாலர்.

இதை ஏழு சதவீத வட்டி என்று எண்ணிவிடக் கூடாது. வட்டிக்கு விட்டால் முதல் நம்முடையது. இங்கே முதல் போய்விட்டது. வரும் தொகையில் ஒரு பகுதி நாம் கொடுத்த முதலே திரும்பி வருவதுதான். கொடுத்ததில் ஏறத்தாழப் பாதியாவது கடைசியில் கல்லூரிக்கு நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டே விகிதம் வைக்கிறார்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்தில் இதே தொகையைக் கட்டினால் பொதுவாக அதிகம் கிடைக்கும். அந்த வித்தியாசம்தான் கொடை. கொடுக்கும் மனம் இல்லாதவருக்கு இது ஏற்ற இடம் அல்ல.

சரக்கை அல்ல, ஆளைப் பார்

கடன் கொடுக்கும்போது நாம் ஆளைப் பார்க்கிறோம் அல்லவா? இங்கும் அதேதான். கல்லூரியின் வாக்குறுதிக்குப் பின்னால் நிற்பது கல்லூரியின் சொத்து மட்டுமே. நேஷனல் ஹெரிடேஜ் பவுண்டேஷன் என்ற அமெரிக்க அறக்கட்டளை 2009இல் திவால் மனு கொடுத்தபோது, ஆயுள் முழுவதும் வரும் என்று நம்பியிருந்த முதியவர்கள் கடன்காரர் வரிசையில் நிற்க நேர்ந்தது. நியூயார்க், கலிபோர்னியா போன்ற மாநிலங்கள் இதற்கெனத் தனி இருப்பு வைக்கச் சட்டம் செய்திருப்பது இப்படிப்பட்ட ஆபத்தைக் குறைக்கத்தான்.

நம் ஊரில் முடியுமா?

கொடை நமக்குப் புதிதல்ல. விருதுநகர் வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமைப் பணத்தில் 1889இல் பள்ளி எழுந்தது. 1947இல் கல்லூரியும் எழுந்தது. ஆனால் அமெரிக்க முறையை அப்படியே இங்கே செய்ய முடியாது. ஆயுள் முழுவதும் ஆண்டுத்தொகை தருவது 1938ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டப்படி ஆயுள் காப்பீட்டுத் தொழில். பதிவு பெற்ற காப்பீட்டு நிறுவனம்தான் செய்யலாம். ஆகவே ஏதேனும் அறக்கட்டளை “பணம் கட்டுங்கள், சாகும்வரை மாதாமாதம் தருகிறோம்” என்று சொல்லி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதே பலனை வேறு வழியில் பெறலாம். காப்பீட்டு நிறுவனங்களின் ஆண்டுத்தொகைத் திட்டங்களில் ஒரு வகை உண்டு. ஆயுள் முழுவதும் நமக்கு வருமானம். காலத்துக்குப் பின் கட்டிய முதல் முழுவதும் திரும்ப வரும். அந்த முதலைக் கல்லூரிக்கு என்று உயில் எழுதி வைக்கலாம். உயிலுக்கு இரண்டு சாட்சிகள் அவசியம். பாலிசியின் நியமனமும் உயிலும் முரண்படாதபடி வழக்கறிஞரிடம் காட்டிக்கொள்வது நல்லது. மனம் மாறினால் உயிலை மாற்றலாம் என்பது அமெரிக்க முறையில் இல்லாத வசதி.

இப்போதே கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. நன்கொடைக்கான வரிக் கழிவு பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கே உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தக் கழிவும் கிடைக்காது. காசோலையாகக் கொடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வீட்டில் சொல்லுங்கள். பிள்ளைகள் கடையையும் சொத்தையும் எதிர்பார்த்திருக்கும்போது, அப்பா போன பிறகு உயிலைத் திறந்து பார்த்துக் கல்லூரியோடு வழக்குக்குப் போகும் நிலை வரக் கூடாது. நம் முதுமைக்கு வேண்டியதை முதலில் ஒதுக்குவோம். பிள்ளைகளுக்கு உரியதைச் சொல்லிவைப்போம். மிச்சத்தை மனநிறைவோடு கல்விக்குக் கொடுப்போம்.