யமாட்டோ: வற்றிய கடலிலிருந்து எழுந்த விண்கலம்

விண்வெளிப் போர்க் கதைகள் ஏராளம். அவற்றில் வரும் கலங்கள் பெரும்பாலும் முழுக் கற்பனையே. 1974 ஒக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் ஆரம்பமான 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' என்ற கார்ட்டூன் தொடரின் கலமோ உண்மையான ஒரு கப்பலின் பெயரையும் உருவத்தையும் கொண்டது.

அந்த உண்மையான யமாட்டோ 263 மீற்றர் நீளமானது. 46 சென்ரிமீற்றர் வாயகலமுள்ள ஒன்பது பீரங்கிகள் அதில் இருந்தன. 1945 ஏப்ரலில் அது ஒக்கினாவா நோக்கி அனுப்பப்பட்டபோது, திரும்பி வரும் என்று அனுப்பியவர்களே எதிர்பார்க்கவில்லை. 7ஆம் திகதி அமெரிக்க விமானங்கள் அதை மூழ்கடித்தன. 2700க்கும் மேற்பட்டோர் அதனுடன் மாண்டனர்.

தொடரின் கதை 2199இல் நடக்கிறது. கமிலாஸ் என்ற கோளினர் வீசிய கதிரியக்கக் குண்டுகளால் பூமியின் கடல்கள் வற்றிவிட்டன. நிலத்தடியில் ஒளிந்து வாழும் மக்களுக்கு இன்னும் ஓராண்டே மிச்சம். அவ்வேளை இஸ்கந்தார் என்ற கோளின் அரசியிடமிருந்து செய்தி வருகிறது: கதிரியக்கத்தை நீக்கும் கருவி என்னிடம் உண்டு, வந்து பெற்றுக்கொள்ளுங்கள். கூடவே புதிய இயந்திரமொன்றின் வரைபடமும் வருகிறது. வற்றிய கடலில் துருப்பிடித்துக் கிடக்கும் யமாட்டோவுக்கு உள்ளே மனிதர் இரகசியமாக விண்கலத்தைக் கட்டி முடிக்கின்றனர். ஆக, இந்தப் போர்க்கப்பலின் வேலை மருந்து வாங்கி வருவது போன்றதுதான்!

போகவேண்டிய தூரம் 1,48,000 ஒளியாண்டுகள். ஒளியே அத்தனை ஆண்டுகள் செல்லும் தூரத்தை, வெளியையே தாவிக் கடக்கும் அந்த இயந்திரத்தால் கலம் மாதக்கணக்கில் கடக்கிறது. இது கற்பனை. ஆனால் இஸ்கந்தார் இருப்பதாகச் சொல்லப்படும் பெரிய மகெல்லன் முகில் உண்மையான விண்மீன் கூட்டம். டிசம்பர், ஜனவரி இரவுகளில், மின்விளக்கு வெளிச்சமில்லாத நம் தென்கரையில் நின்றால், தெற்கு அடிவானுக்குச் சற்று மேலே மங்கலாகத் தென்படக்கூடியது. ஒவ்வொரு அங்கத்தின் முடிவிலும் மனித குலத்துக்கு எஞ்சிய நாட்களின் எண்ணிக்கை திரையில் வரும்.

இயந்திரத்தின் முழுச் சக்தியையும் முன்முனையால் பாய்ச்சும் ஆயுதமொன்றும் கலத்தில் உண்டு. வியாழனில் மிதக்கும் கண்டமொன்றில் இருந்த எதிரித் தளத்தை நோக்கி அதை முதன்முதலாக ஏவியபோது கண்டமே இல்லாமற்போகிறது. தளம் மட்டும் அழிந்திருந்தால் போதுமே என்று கப்டன் ஒகித்தா கவலைப்படுகிறார்.

தோற்ற போரின் பெருமையை மீட்கும் முயற்சி இது என்று குறை கூறியோர் உண்டு. அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் கமிலாஸ் கோளில் நடக்கும் இறுதிப் போரையும் பார்க்க வேண்டும். கமிலாஸும் அழிந்துவரும் கோள்தான். குடியேற இடம் தேடியே அவர்கள் பூமியைத் தாக்கினர். யமாட்டோ வெல்கிறது, ஆனால் அவர்களுடைய நகரம் முழுவதும் பிணக்காடாகிறது. எதிரியின் குண்டுக்குப் பெற்றோரைப் பறிகொடுத்து, பழிவாங்கும் வெறியோடு கலத்தில் ஏறிய கொதாய் என்ற இளைஞன், அந்த இடிபாடுகளைப் பார்த்து வெற்றி என்ற சொல்லையே வெறுக்கிறான்.

பின்னர் கருவியைப் பெற்றுக்கொண்டு கலம் திரும்புகிறது. நோயுற்ற ஒகித்தா, தூரத்தில் செந்நிறமாய்த் தெரியும் பூமியைப் பார்த்தபடியே கண்மூடுகிறார். அது மீண்டும் நீலமாவதை அவர் காணவில்லை.