ஓட்டியே பார்க்காத காரில் உலகப் பந்தயம்! தெரியுமா?

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடி மாதம் பைக்கில் போனவர்களுக்குக் காற்றின் பலத்தைச் சொல்லித்தர வேண்டாம். ஆளோடு வண்டியைப் பக்கத்தில் தள்ளும்! முப்பந்தல் காற்றாலையைச் சுழற்றும் அந்தக் காற்றுதான் ஃபார்முலா ஒன் காரையும் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது, தெரியுமா? விமானச் சிறகைக் கவிழ்த்து வைத்ததுபோல் முன்னும் பின்னும் இருக்கிறதே, அது அதற்குத்தான். அந்த முன்சிறகு ஒரு சின்ன அணியின் காலையே வாரிவிட்டது!

ஸ்பெயின் நாட்டு எச்.ஆர்.டி. அணி. 2010 சீசன் தொடங்கச் சில வாரங்களே பாக்கி. கையில் காசில்லாமல் அணியே கைமாறியது. சோதனை ஓட்டமா? ஒரு நாள்கூடக் கிடையாது! முதல் பந்தயம் பஹ்ரைனில். மற்றவர்கள் பயிற்சியில் பறக்க, சென்னை கருண் சந்தோக்கின் காரை இன்னும் பூட்டிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை தகுதிச்சுற்றில்தான் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டினார்! நம்ப முடிகிறதா? மறுநாள் இரண்டாவது சுற்றிலேயே விபத்து. ஆனால் இரண்டே வாரத்தில், மெல்போர்னில், 14வதாக வந்து பந்தயத்தை முடித்தார். முதல்வனுக்கு ஐந்து சுற்று பின்னால்தான். சிரிக்காதீர்கள், அந்த அணி பந்தயத்தை முடித்ததே அன்றுதான் முதல் தடவை! அந்த ஆண்டு முழுக்க அதைவிட முன்னால் அவர்கள் வரவுமில்லை.

அடுத்த ஆண்டு வந்தவர் கோவை நரேன் கார்த்திகேயன். மாருதி 800 இன்ஜினை வைத்துக் கோவை கரிவர்தன் உருவாக்கிய ஃபார்முலா மாருதியில் பழகிய கை! புது முன்சிறகு மோதல் சோதனையில் தேறவில்லை, பழசை மாட்டிக்கொண்டு மெல்போர்ன் போனார்கள். முதல் தகுதிச்சுற்றில் வேகமானவர் 100 விநாடி எடுத்தால் நீங்கள் 107க்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. அணியின் இரண்டு காரும் முடிக்கவில்லை. பந்தயத்துக்கே அனுமதியில்லை! 2012இல் அதே ஊர், அதே விதி, திரும்பவும் அதே கதி!

2012 முடிவில் அணியை மூடினார்கள். மூன்று சீசனில் எடுத்த புள்ளி? பூஜ்யம்!

ஆனால் 2011 அக்டோபர் 30, நொய்டா பக்கம் புத் சர்க்யூட்டில் இந்தியாவின் முதல் கிராண்ட் பிரீ. நரேன் 17வது. அவருக்குப் பின்னால் 18வதாக வந்த சக வீரர் யார் தெரியுமா? பின்னாளில் எட்டு கிராண்ட் பிரீ வென்ற டேனியல் ரிக்கியார்டோ!