பசிக்காத மீனும் நம் காட்டுச்சேவலும்

நாவலூரில் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கும்போது கோழியின் காலைப் பாருங்கள். பலவற்றுக்கு மஞ்சள் கால். அந்த மஞ்சளைக் கொடுத்த பறவைக்கு ஸ்காட்லாந்து ஆறுகளிலும் பெயர் உண்டு.

அந்த ஆறுகளுக்கு வரும் அட்லாண்டிக் சால்மன், கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குத் திரும்பும் மீன். ஆற்றில் நுழைந்ததும் இரையெடுப்பதை விட்டுவிடும். பசியில்லாத மீனை எதைக் காட்டி ஏமாற்றுவது? வண்ண இறகுகளை நூலால் சுற்றிக் கட்டிய, ‘ஈ’ என்று அழைக்கப்படும் தூண்டில் முள்ளை, நீரோட்டத்துக்குக் குறுக்கே வீசி மீனின் முன்னால் மெல்ல நழுவ விடுகிறார்கள். சில சமயம் பாய்ந்து கவ்வுகிறது. எரிச்சலா, கடலில் இரை பிடித்த பழைய பழக்கமா என்பதில் அறிவியலாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்தில்லை.

ட்ரவுட் மீனுக்குக் கட்டும் ஈ பெரும்பாலும் உண்மையான பூச்சியைப் போல இருக்கும். சால்மனுக்கு அந்தக் கட்டாயமில்லை. அதனால் 19ஆம் நூற்றாண்டுப் பிரிட்டனில் இறகு ஆசைக்கு அளவே இல்லாமல் போனது. ஜார்ஜ் கெல்சன் 1895இல் சால்மன் ஈக்களுக்கென ஒரு தடித்த நூலே எழுதினார். உலகின் எந்த மூலைப் பறவையும் தப்பவில்லை. ‘இந்தியன் க்ரோ’ என்றொரு சிவப்பு இறகு உண்டு. அந்தப் பறவை தென் அமெரிக்காவைச் சேர்ந்தது, நம் காக்கைக்குச் சொந்தமே இல்லை!

உண்மையிலேயே இங்கிருந்து போனது சாம்பல் காட்டுக்கோழியின் சேவல். நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் விடியலில் கூவுவது இதுதான். அதன் கழுத்துத் தூவியின் நடுத்தண்டு நுனியில் தட்டையாக விரிந்து, மெழுகு வார்த்தது போல மின்னும் வெளிர்மஞ்சள் பொட்டாகிறது. முள்ளின் தலைப்பக்கம் இருபுறமும் ஒவ்வொன்று வைத்துக் கட்டினால், சிறுமீனின் கண் போலவே இருக்கும். ‘ஜாக் ஸ்காட்’ போன்ற புகழ்பெற்ற ஈ வடிவங்களுக்கு இது இல்லாமல் ஆகாது. இதற்காகத் தோலோடு உரித்த கழுத்துகள் கப்பலேறின. இப்போது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. தூண்டில்காரர்கள் வெளிநாடுகளில் கூண்டில் வளர்த்த சேவல்களை நம்புகிறார்கள். இறகு மோகம் மட்டும் தணியவில்லை. 2009இல் இங்கிலாந்தின் ட்ரிங் அருங்காட்சியகத்திலிருந்து 299 பறவைத் தோல்கள் திருடுபோனதும் இந்த ஈ கட்டும் பித்தால்தான்.

மஞ்சள் காலுக்கு வருவோம். வீட்டுக்கோழியின் முதன்மை மூதாதை சிவப்புக் காட்டுக்கோழி. ஆனால் தோலை மஞ்சளாக்கும் மரபணு வடிவம் சாம்பல் காட்டுக்கோழியிடமிருந்து கலந்ததாக இருக்க வேண்டும் என்று ஸ்வீடனின் உப்சாலா ஆய்வாளர்கள் 2008இல் காட்டினர். தீவனத்திலுள்ள மஞ்சள் நிறமியைச் சிதைக்கும் நொதி தோலில் குறைவாகவே உருவாவதால், நிறமி அங்கேயே தங்கிவிடுகிறது.

கறிக்கடையில் அந்தக் காலைத்தான் முதலில் வெட்டித் தனியே போடுவார்கள். சூப்புக்கென்று கேட்டால் கொடுப்பார்கள்.