இயற்கையும் புகைப்படக் கலையும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையின் கீழ்ப்புற அடிவாரத்தை அடுத்து வடக்கனந்தல் என்னும் பேரூர் அமைந்துள்ளது. மலையில் தோன்றி இறங்கும் கோமுகி ஆற்றைத் தேக்கி 1960-களில் கட்டப்பெற்ற அணை இவ்வூருக்கு அருகில் உள்ளது. மேற்கே அடுக்கடுக்காய் உயர்ந்த மலை. அதன் காலடியில் விரிந்த நீர்ப்பரப்பு. நீர் பாயும் இடமெல்லாம் வயல்கள். இக்காட்சியைக் காண்பவனுக்கு அதனைப் படமாக்கி வைத்துக்கொள்ளும் வேட்கை எழுதல் இயல்பே. தொழிலாக அன்றி விருப்பத்தினால் புகைப்படக் கருவியைக் கையில் எடுப்போர் பலர் இவ்வாறுதான் தொடங்குகின்றனர்.

தொடக்கத்தில் அவர்கள் அடைவது பெரும்பாலும் ஏமாற்றமே. மாலையில் அணைக்கரைமேல் நின்று மலையைப் படம் பிடித்தவன், பின்னர் அப்படத்தை நோக்குங்கால் திகைப்புறுகின்றான். கண்ணுக்குப் பசுமையாய்த் தோன்றிய மலை, படத்தில் கரிய மதில்போல் நிற்கின்றது. இதற்குக் காரணம் யாது? மலை ஊருக்கு மேற்கே உள்ளது. மாலைக் கதிரவன் அதன் பின்புறம் இறங்குவதால், ஊரை நோக்கிய சரிவு நிழலில் ஆழ்ந்துவிடுகின்றது. மனிதனின் கண் மிக்க ஒளியையும் மிக்க இருளையும் ஒருங்கே ஏற்க வல்லது; கருவி அத்துணை வல்லது அன்று. வானத்தின் ஒளியை அது ஏற்றுக்கொண்டால் மலை கறுத்துப் போகும். மலையைக் காட்ட முயன்றால் வானம் வெளுத்துப் போகும்.

நண்பகலில் வருவதும் பயன் தாராது. உச்சியில் நிற்கும் ஞாயிறு பள்ளத்தையும் மேட்டையும் ஒன்றுபோல் காட்டிவிடும். இடைப்பட்ட காற்றில் சிதறும் ஒளி, தொலைவில் உள்ள மலையின்மீது நீலத்திரை ஒன்றைப் போர்த்தும். மார்கழி, தை மாதங்களின் காலைப்பொழுதே இம்மலைக்கு ஏற்றது. அப்போது கதிரவன் தென்கிழக்கில் எழுவதால் ஒளி சரிவின்மேல் பக்கவாட்டில் விழும். பனிமூட்டம் கலைந்ததும் மலையின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனி நிழலோடு விளங்கித் தோன்றும். அந்நிலை இரண்டு மூன்று நாழிகைக்கு மேல் நீடிப்பதில்லை. இவற்றையெல்லாம் நூல்களைக் காட்டிலும், வீணாய்ப் போன படங்களே நன்கு கற்பிக்கின்றன.

கொக்கைப் படம் பிடிக்கப் புகுந்தால் வேறோர் இடர் நேரும். இருண்ட நீர்விளிம்பில் வெண்கொக்கு ஒன்று அசையாது நிற்கின்றது. கருவியினுள் அமைந்த ஒளி அளக்கும் உறுப்பு, காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறத்ததாகக் கொண்டே கணக்கிடும். காட்சியின் பெரும்பகுதி கருமையாய் இருத்தலின், ஒளி போதாது எனக் கருதி வேண்டுவதற்கு மேல் உள்ளே விடும். விளைவு என்னை? கொக்கின் இறகுவரிசை ஒன்றும் புலப்படாமல், அது சுண்ணாம்பு பூசிய பொம்மைபோல் வெளுத்து நிற்கும். அறிந்தவன் கருவியின் கணக்கை அப்படியே ஏற்கமாட்டான். ஒளி நுழையும் துளையைச் சுருக்குவான். அல்லது, 1/125 விநாடி திறந்திருந்த மூடியை 1/250 விநாடி மட்டும் திறக்குமாறு அமைப்பான். அவ்வளவில் உட்புகும் ஒளி சரிபாதியாகிவிடும்.

படச்சுருள் பெருவழக்காய் இருந்த நாளில் ஒரு சிறு சுருளில் 36 படங்களே அமைந்தன. அவற்றைக் கழுவி எடுக்கும்வரை பிழை தெரியாது. இன்றைய டிஜிட்டல் கருவியிலோ பிழை அந்நொடியே தெரிந்துவிடுகின்றது. ஆயினும், பிழை விரைவில் தெரிவதனாலேயே ஒருவன் கூர்ந்து நோக்கக் கற்றுக்கொள்வான் என்பதற்கில்லை. நூற்றுக்கணக்கில் வாரி எடுத்தும் ஒன்றும் தேறாமல் திரும்புவோர் பலர்.

கூர்ந்து நோக்குதலையே தம் முதற்கருவியாகக் கொண்டு விளங்கியவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' என்னும் நாவலை இயற்றிய அ. மாதவையாவின் மகனாகிய இவர், 1912-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். பின்னர்ச் சென்னையில் வாழ்ந்தார். 'ஸ்டேட்ஸ்மன்' என்னும் ஆங்கில நாளிதழில் 1950 முதல், 1996-இல் மறையும்வரை இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதிவந்தார். தென்னாட்டுக் காடுகளில் பன்முறை தங்கி யானை முதலிய விலங்குகளின் ஒழுகலாறுகளை ஆராய்ந்தார். வண்ணப் படச்சுருள் எங்கும் பரவிய பின்னரும் கறுப்பு வெள்ளைப் படங்களையே விரும்பி எடுத்தார். அவர் கையாண்ட கருவியும் விந்தையானது. ஒரு கருவியின் உடலோடு வேறொன்றின் தொலைநோக்கு வில்லையை இணைத்து, இடையிடையே சில துண்டுகளைத் தாமே பொருத்தி, அதற்குச் 'சூப்பர் பாண்டெரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டியிருந்தார். விலையுயர்ந்த கருவி கிட்டாமையால்தான் நல்ல படம் அமையவில்லை என்று குறைபடுவோர் அக்கருவியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 1970-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

கிருஷ்ணன் முதலில் இயற்கையை அறிந்தவர். அவ்வறிவு படத்திற்குத் துணை நின்றது. அவ்வறிவு இல்லாதவன் பறவையையும் விலங்கையும் நாடிச் சென்றால், கெடுவது படம் மட்டும் அன்று. கோடையில் அணை, ஏரிகளின் நீர் வற்றுங்கால் பரற்கற்கள் நிறைந்த கரை வெளிப்படும். இத்தகைய கரைகளில் ஆள்காட்டிப் பறவை முட்டையிடும். கூடு என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. தரையில் ஒரு சிறு பள்ளமே உண்டு. அதில் பெரும்பாலும் நான்கு முட்டைகள் கிடக்கும். அவை கூழாங்கற்களின் நிறத்தையே கொண்டிருத்தலால், மிதிக்கும் அளவிற்கு நெருங்கியும் காணாதவர் உண்டு.

மனிதன் அணுகியவுடன் பறவை எழுந்து கதறும்; தலைக்குமேல் வட்டமிடும். படம் எடுக்க வந்தவனுக்கு அக்கதறல் அரிய வாய்ப்பாகத் தோன்றுகின்றது. அவன் அங்கேயே நின்று விடுகின்றான். அவன் நிற்கும் ஒவ்வொரு நொடியும் முட்டைகள் வெயிலில் காய்கின்றன. தாய்ப்பறவை அவற்றின்மேல் அமர்வது சூடேற்றுவதற்கு மட்டும் அன்று. கடுங்கோடையில் நிழல் தருவதற்கும் ஆகும். அடிவயிற்று இறகுகளை நீரில் நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விப்பதும் அதன் வழக்கம். இதனை அறியாதவன் ஒரு படத்தைப் பெற்று நான்கு உயிர்களை இழக்கச் செய்தவன் ஆகலாம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைக்கோ கூட்டுக்கோ தொல்லை தருவதையும் 'வேட்டை' என்னும் சொல்லிலேயே அடக்குகின்றது. துப்பாக்கி ஏந்தியவனுக்கே உரியது அச்சொல் என்று எண்ணியிருப்போர் இது கேட்டு வியப்பர்.

பழகிய கலைஞன் கதறலைக் கேட்டவுடன், வந்த வழியே அடிமேல் அடிவைத்துப் பின்வாங்குவான். தொலைவில் உள்ள ஒரு புதரின் பின்னே அமர்ந்து அசையாதிருப்பான். பறவையின் கூச்சல் சிறிது சிறிதாக அடங்கும். அது நீர்விளிம்பில் இறங்கி, வயிற்றை நனைத்துக்கொண்டு, நேரே செல்லாமல் அங்குமிங்கும் நடந்து, கடைசியில் முட்டைகளின்மேல் மெல்ல அமரும். அப்போது அவன் ஒரு படம் எடுப்பான். அதில் பறவை கடுகளவே தெரியும்.