மேட்டில் ஏற்றிப் பார்த்து வாங்குங்கள்

மாத்தளையில் பழைய கார் பார்க்கப் போனால், விற்பவர் ஏ9 வீதியில் ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார். சமதரையில் பெரும்பாலான கார்கள் நன்றாகத்தான் ஓடும். நீங்கள் இரத்தோட்டைப் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வீட்டார் நால்வரையும் ஏற்றிக்கொண்டு, ரிவர்ஸ்டன் ஏற்றத்தில் கொஞ்ச தூரமாவது போய்ப் பாருங்கள். எல்கடுவைப் பக்கம் குடியிருப்பவரின் கார் அந்தப் பாரத்தோடுதானே தினமும் ஏறப்போகிறது.

2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த வண்டிகளே கைமாறி ஓடின. 2022 பொருளாதார நெருக்கடியில் உதிரிப்பாகமோ ஒயிலோ வாங்க வழியில்லாமல் பராமரிப்பைத் தள்ளிப்போட்டவர்களும் உண்டு. அந்தக் குறையெல்லாம் ஏற்றத்தில் வெளிப்படும்.

796 சிசி இந்திய ஆல்டோ என்றால் முதலில் கிளட்ச். மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது இரைச்சல் மட்டும் கூடி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. பாதி மேட்டில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் தாங்குகிறதா என்று பாருங்கள். பின்னால் நீலப்புகை வந்தால் என்ஜின் ஒயில் எரிகிறது. அந்த வண்டியை விட்டுவிடலாம்.

660 சிசி ஜப்பான் வேகன் ஆர் வேறு விதம். அதில் கியர் மாற்றும் வேலையைச் சிவிடி என்ற தானியங்கிக் கியர்பெட்டி பார்க்கிறது. மேட்டில் நின்று கிளம்பும்போது உதறினாலோ ஊளையிட்டாலோ கவனம். சிவிடி ஒயில் எப்போது மாற்றினார்கள் என்பதற்கு வாய்ப்பேச்சு போதாது, பில்லைக் கேளுங்கள். ஹைபிரிட் வகையில் முன் பயணி இருக்கைக்குக் கீழே ஒரு சிறிய லிதியம் பட்டரி உண்டு. என்ஜின் சூடேறிய பிறகும், ஏசியை நிறுத்திய பிறகும் சிக்னலில் என்ஜின் தானாக அணையாவிட்டால் அந்தப் பட்டரியோ வழக்கமான பட்டரியோ களைத்திருக்கலாம். கராஜில் ஸ்கேன் செய்யாமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

இறக்கமும் பரீட்சைதான். கீழே வந்ததும் நான்கு சக்கரங்களின் அருகிலும் மோந்து பாருங்கள். ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் நாற்றம் அடித்தால் அங்கே பிரேக் இறுகியிருக்கிறது.

வெள்ளத்தில் நின்ற காரைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. அக்குறணைக் கடைவீதி பிங்கா ஓயா பெருகும்போதெல்லாம் முழுகுவது நமக்குப் பழக்கம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையே புரட்டிப் போட்டது. முழுகிய வண்டியைக் கழுவி, வாசனை அடித்து, விஷயத்தைச் சொல்லாமல் விற்பது வாங்குபவரின் குடும்பத்தையே ஆபத்தில் தள்ளும் செயல். வயரிங்கில் புகுந்த ஈரம் மாதக்கணக்கில் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சீட்பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள்; சேற்றுக்கோடு அங்கே மறைந்திருக்கும். இருக்கைத் தண்டவாளத்தில் துருவையும், கார்ப்பெட்டின் அடியிலும் ஸ்பேர் சக்கரக் குழியிலும் வண்டலையும் தேடுங்கள்.

பத்திர விடயத்தில், வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கைமாற்றும் ‘ஓபன் பேப்பர்’ வேண்டவே வேண்டாம். பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவரை நேரில் சந்தித்து, அடையாள அட்டையையும் சேசி இலக்கத்தையும் ஒப்பிடுங்கள். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான கடிதம் கைக்கு வரும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.