வானூர்தியில் உறைபனி: பிரெஞ்சுச் சொற்களும் தமிழ்க் கலைச்சொல்லாக்கமும்

வானூர்தியின் இறக்கையில் படியும் பனி, எடையைக் கூட்டுவதால் மட்டும் தீங்கு விளைப்பதன்று. இறக்கையை ஒட்டிச் சீராகச் செல்லவேண்டிய காற்றோட்டத்தை அது குலைக்கிறது. அதனால் தூக்குவிசை குறைகிறது, இழுவிசை மிகுகிறது. சொரசொரப்பான மெல்லிய படலமே இதற்குப் போதுமானது.

முகிலில் உள்ள நீர்த்துளிகள் 0 பாகைக்குக் கீழும் உறையாமல் நீர்மமாகவே நிற்பதுண்டு. இந்நிலையை ஆங்கிலம் ‘மிகைக்குளிர்வு’ என்ற பொருளுடைய சொல்லாற் சுட்டுகிறது; பிரெஞ்சு மொழியோ ‘மிகையுருக்கம்’ என்ற பொருளில் ‘சூர்ஃபியூசியோன்’ என்கிறது. முன்னது வெப்பநிலையை நோக்கியது. பின்னது நீரின் நிலையை நோக்கியது.

இத்தகைய துளிகள் வானூர்தியின்மீது மோதியதும் உறையத் தொடங்குகின்றன. சிறுதுளிகள் உடனே உறைந்து, இடையிடையே காற்றைச் சிறைப்படுத்தி, வெண்ணிறப் படிவாகின்றன, இது ‘ஜிவ்ர்’. பெருந்துளிகள் பரவியோடி மெல்ல உறைந்து, ஒளிபுகும் படிவாக ஒட்டிக்கொள்கின்றன, இது ‘வெர்க்லா’. கண்ணாடியையும் பனிக்கட்டியையும் குறிக்கும் இரு சொற்கள் இணைந்து பிறந்த இப்பெயர், அப்படிவு எளிதிற் கண்ணுக்குப் புலனாகாத இயல்பையும் உணர்த்துகிறது.

‘ஜிவ்ர்’ என்னும் அடியிலிருந்தே பனி படிதலைக் குறிக்கும் ‘ஜிவ்ராஜ்’, படிந்ததை அகற்றலைக் குறிக்கும் ‘தெஜிவ்ராஜ்’, படியாது காத்தலைக் குறிக்கும் ‘ஆந்திஜிவ்ராஜ்’ ஆகியன தோன்றின. முன்னொட்டு மாற, வினையின் காலநோக்கும் மாறுகிறது. நிலையத்தில் சூடாக்கிய கிளைக்கால் கலவை படிந்த பனியை அகற்றுகிறது; அதன்பின் பூசப்படும் தடித்த நீர்மம் புதுப்பனி படியாமல் காக்கிறது. இக்காப்பு குறித்த நேரமே நிலைக்கும். கனடியப் பிரெஞ்சு வழக்கு அந்நேரத்தைப் ‘பயன்தரும் காலம்’ என்ற பொருள்படும் தொடராற் குறிக்கிறது.

இவ்வேறுபாடு உயிரோடு தொடர்புடையது. 1989 மார்ச் 10 அன்று கனடாவின் டிரைடன் நகரில், இறக்கைகளிற் படிந்த பனி அகற்றப்படாமலே புறப்பட்ட ஏர் ஒன்ராறியோ 1363 வீழ்ந்தது. 24 பேர் உயிரிழந்தனர். நீதிபதி மொஷான்ஸ்கியின் விசாரணை ஆணையம், விமானியின் முடிவோடு நில்லாது நிறுவன, ஒழுங்குமுறைக் குறைகளையும் ஆராய்ந்தது.

தமிழில் ‘பனி’ என்னும் சொல் குளிர்ச்சி, பனித்துளி, மூடுபனி, உறைபனி எனப் பலவற்றைக் குறிக்கும். ஆதலின் ‘உறைபனி’யை அடியாகக் கொண்டு உறைபனிப் படிவு, உறைபனி நீக்கம், உறைபனித் தடுப்பு என வகுத்தல் பொருந்தும். நீக்கத்தையும் தடுப்பையும் ஒரே சொல்லாற் சுட்டினால், பனி அகன்றபின்னும் எஞ்சியிருக்கும் இடர் கேட்போர் கவனத்திலிருந்து மறைந்துவிடும்.